கதை விளையும் முறை

கதை கேட்பதில் விருப்பமில்லாத மனிதர் இலர். எழுத்தறியாத மக்களும் கதையறிந்திருந்தனர். பகலெல்லாம் கழனியில் உழைத்துக் களைத்தவர்கள், இரவில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கூடிக் கூத்தும் கதையும் கேட்டுத் தம் களைப்பை மறந்தார்கள். பாட்டியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் குழந்தை, அவள் சற்றே பேச்சை நிறுத்தினாலும், 'பிறகு?' என்று கேட்டு அவளைத் தூண்டும். அந்த ஒரு சொல்லே கதையின் உயிர்நாடி என்று நமக்குத் தோன்றுகிறது. ஆயினும், அக்குழந்தை சற்று வளர்ந்ததும் வேறொரு வினாவையும் எழுப்பத் தொடங்குகிறது. 'நரி ஏன் பொய் சொன்னது? காகம் ஏன் அதை நம்பிற்று?' என்று அது கேட்கிறது. 'பிறகு' என்னும் வினாவுக்கு மட்டும் விடை கூறிக்கொண்டு செல்வது வெறுங்கதை. 'ஏன்' என்னும் வினாவுக்கும் விடை கூறுமாறு நிகழ்ச்சிகளை இணைத்து அமைப்பது கதைக்கோப்பு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவரே கதையின் அருமையை முழுமையாக உணர வல்லவர் ஆவர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 'ஓர் ஊரில் ஏரி உடைந்தது. அன்றிரவே அவ்வூர்ப் பெரியதனக்காரர் ஊரை விட்டு வெளியேறினார்.' இங்கே இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஆனால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதனையே வேறு வகையாகக் கூறுவோம். 'கரையைச் செப்பனிடுவதற்கென்று ஊரார் திரட்டிக் கொடுத்த பணத்தைப் பெரியதனக்காரர் தம் வீட்டுக்கு மாடி கட்டச் செலவிட்டார். ஐப்பசி மழையில் ஏரி உடைந்தது. பயிரை இழந்த ஊராரின் முகத்தில் விழிக்க அஞ்சி, அன்றிரவே அவர் ஊரை விட்டு வெளியேறினார்.' இப்போது நிகழ்ச்சிகள் சங்கிலியின் கண்ணிகளைப் போல ஒன்றையொன்று பற்றிக் கொள்கின்றன. ஏரி உடைந்ததற்கு ஒரு மனிதரின் ஆசை காரணமாயிற்று. அவர் ஊரை விட்டு அகன்றதற்கு அவருடைய அச்சமும் நாணமும் காரணமாயின. கதைக்குள் மனித உள்ளம் புகுந்துவிட்டது. கதைக்கோப்பின் முதல் இலக்கணம் இதுவே.

கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தார். கவிதையியல் பற்றிய தம் நூலில், ஒரு நிகழ்ச்சிக்குப் பின் மற்றொரு நிகழ்ச்சி வருவது வேறு, ஒரு நிகழ்ச்சியினால் மற்றொரு நிகழ்ச்சி விளைவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். தொடக்கம், நடு, முடிவு என்னும் மூன்று உறுப்பும் பொருந்திய முழுமையே நல்ல கதையமைப்பு என்பது அவருடைய கொள்கை. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர், நாவலைப் பற்றி 1927-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கதை வேறு, கதைக்கோப்பு வேறு என்று பிரித்து அதே கருத்தைப் புதுமுறையில் விளக்கினார். காலமும் நாடும் வேறுபட்டாலும் கதையின் இயல்பு வேறுபடவில்லை என்பது இதனால் விளங்கும்.

நம் முன்னோரும் இதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், நாடகக் கதையின் வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து நிலைகளாகப் பிரித்துக் காட்டுகிறார். அவற்றை விளக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை உழவுத் தொழிலிலிருந்து பிறந்தது. உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருவுற்றுத் தன்னுள்ளே பொருளைப் பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் விரிந்து முற்றித் தலைசாய்வது விளைவு. விளைந்ததை அறுத்துப் போரிட்டுத் தூற்றிக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். எவ்வளவு பொருத்தமான உவமை! விதைக்காதது முளைக்காது; முளைக்காதது கதிர்விடாது. கதையின் முடிவில் நாம் அறுவடை செய்வது எதுவோ, அது அதன் தொடக்கத்திலேயே விதைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையைச் சிலப்பதிகாரத்தைக் கொண்டே ஆராய்வோம். ஒரு சிலம்பு அக்காப்பியம் முழுவதும் எவ்வாறு ஊடுருவிச் செல்கிறது என்பதைக் காண்க. கோவலன் மாதவியிடம் சென்று தங்கியபோது, பிரிவால் வாடிய கண்ணகியின் அடிகள் சிலம்பை அணியாமல் ஒழிந்தன என்று இளங்கோவடிகள் கூறுகிறார். அவ்விடத்தில் அது ஒரு பெண்ணின் துயரைக் காட்டும் சிறு குறிப்பு, அவ்வளவே. அணியாமல் கழற்றி வைக்கப்பட்ட அச்சிலம்புகள் பின்னர் வேறு பயனைப் பெறுகின்றன. பொருளையெல்லாம் தொலைத்து, நாணத்துடன் வீடு திரும்பிய கோவலனிடம், தன்னிடம் சிலம்புகள் உள்ளன என்று கண்ணகி சொல்கிறாள். அவற்றை முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்யலாம் என்னும் எண்ணம் அவனுக்குப் பிறக்கிறது. மதுரையில் ஒற்றைச் சிலம்பை விற்கச் சென்றவன், அரசியின் சிலம்பை முன்னரே திருடி மறைத்து வைத்திருந்த பொற்கொல்லனிடம் அகப்படுகிறான். துயரின் அடையாளமாக இருந்த அணி, பிழைப்புக்கு முதலாகி, பழிக்குக் காரணமாகி, இறுதியில் உண்மைக்குச் சான்றாகிறது. விதை, நாற்று, கரு, கதிர் என்னும் வளர்ச்சியை இச்சிலம்பின் வரலாற்றில் நாம் கண்ணாரக் காண்கிறோம்.

கதை வளர்வதற்கு விதை மட்டும் போதாது, போராட்டமும் வேண்டும். 'ஒருவர் காலையில் எழுந்தார், நீராடினார், உணவு உண்டு அலுவலகம் சென்றார், மாலையில் வீடு திரும்பினார்' என்பது நாட்குறிப்பே அன்றிக் கதை ஆகாது. 'அன்று அவருடைய வேலை போய்விட்டது. அதனை வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறுநாளும் அவர் வழக்கம்போல உணவுப் பொதியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்' என்றால், அங்கே கதை தொடங்கிவிடுகிறது. அவர் எங்கே செல்வார், எத்தனை நாள் மறைப்பார், மனைவி அறிந்தால் என்ன சொல்வாள் என்றெல்லாம் நம் உள்ளம் அலைகிறது. விருப்பம் ஒருபுறம் இழுக்க, தடை மறுபுறம் இழுக்கும் இடத்திலேதான் போராட்டம் பிறக்கிறது.

போராட்டம் பலவகைப்படும். மனிதனுக்கும் மனிதனுக்கும் நேரும் போராட்டம் ஒன்று. பாண்டியனுடைய அவையில் நீதி கேட்டு நின்ற கண்ணகியின் போராட்டம் இவ்வகையைச் சார்ந்தது. புயலோடும் வறட்சியோடும் மக்கள் நடத்தும் போராட்டம் மற்றொன்று. ஊர் வழக்கத்தை எதிர்த்து ஒருவர் தனித்து நிற்பது இன்னொன்று. இவை யாவற்றினும் நுட்பமானது, ஒருவர் தம் உள்ளத்தோடு தாமே நடத்தும் போராட்டம். கோவலன் பெற்றோரிடம் செல்லாமல், இருள் நீங்குமுன் மனைவியுடன் ஊரை விட்டுப் புறப்படுகிறானே, அதற்குக் காரணம் பகைவர் எவரும் அல்லர். அவன் உள்ளத்தை வருத்திய நாணமே காரணம். புறத்தே நிகழும் போராட்டம் நம்மை வியக்கச் செய்யும். அகத்தே நிகழும் போராட்டம் நம்மை நாமே எண்ணிப் பார்க்கச் செய்யும்.

இங்கே ஓர் உண்மை புலப்படுகின்றது. கதைக்கோப்பையும் பாத்திரத்தையும் தனித்தனியே பிரிக்க முடியாது. பாத்திரத்தின் பண்பே நிகழ்ச்சியைத் தோற்றுவிக்கிறது. நிகழ்ச்சியே பாத்திரத்தின் பண்பை வெளிப்படுத்துகிறது. கோவலன் எளிதில் உள்ளம் நெகிழ்பவன். எளிதில் ஐயுறுபவனும் அவனே. அதனால்தான், கடற்கரையில் மாதவி பாடிய பாடலைத் தவறாகக் கருதி, அந்நொடியே அவளைப் பிரிந்தான். வஞ்சம் அறியாதவன் ஆதலால், முன்பின் அறியாத பொற்கொல்லனை நம்பிச் சிலம்பைக் காட்டினான். இப்பண்புகள் இல்லாத ஒருவனைக் கோவலன் இருந்த இடத்தில் வைத்தால், அக்கதை அவ்வாறு நடந்திராது. ஊழ்வினையின் வலிமையைக் கூறவே இளங்கோவடிகள் அக்காப்பியத்தைப் பாடினார் என்பது உண்மை. எனினும், ஊழ் என்று சொல்லி அவர் வாளா விட்டுவிடவில்லை. ஒவ்வொரு படியிலும் மனித உள்ளத்திலிருந்து எழும் காரணம் ஒன்றனையும் உடன் வைத்தார். ஆதலின், அக்கதையை நாம் நம்புகிறோம், நம்புவதனால் கலங்குகிறோம்.

கதைக்கு இடமும் காலமும் இன்றியமையாதவை. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். அந்நிலத்துக்கு உரிய மரமும் விலங்கும் தொழிலும் பிறவும் கருப்பொருள் ஆயின. மக்களின் ஒழுக்கமாகிய உரிப்பொருளே இவை மூன்றனுள்ளும் சிறந்தது எனப்பட்டது. அகப்பாடலுக்கென வகுத்த இம்முறை இக்காலக் கதைக்கும் வழிகாட்டும். ஊரையும் வானத்தையும் பக்கம் பக்கமாக வருணிப்பதனால் மட்டும் கதை சிறப்பதில்லை. அவ்வருணனை மனித வாழ்வோடு ஒட்டி நின்றால்தான் சிறக்கும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, கோட்டைக் கொடிகள் 'வாராதீர்' என்று கைகாட்டுவன போல அசைந்தன என்கிறார் இளங்கோ. கொடி அசைவது இயற்கை. அதைக் கண்டு நம் உள்ளம் நடுங்குவது புலவரின் திறமை. அங்கே இடம் வெறும் பின்னணியாக நில்லாமல், வரப்போவதை முன்னரே அறிவிக்கும் தூதாகவும் விளங்குகிறது.

இத்தகைய முன்னறிவிப்புக் கதைக்கலையில் ஒரு சிறந்த உத்தியாகும். வேறொரு நகரில் கோவலன்மேல் பழி சுமத்தப்படுவதாகவும், அதனால் அரசனுக்கும் நகருக்கும் தீங்கு நேர்வதாகவும் தான் கண்ட கனவைக் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் முன்னரே கூறுகிறாள். பொற்கொல்லனே கள்வன் என்பதையும் கோவலன் கொலையுண்பதற்கு முன்பே புலவர் நமக்கு உணர்த்திவிடுகிறார். முடிவைச் சொல்லிவிட்டால் ஆவல் குன்றிவிடும் என்று சிலர் கருதுவர். உண்மை அவ்வாறன்று. நமக்குத் தெரிந்தது கோவலனுக்குத் தெரியவில்லையே என்னும் தவிப்பு, ஒன்றும் அறியாத ஆவலைக் காட்டிலும் வலியது. துப்பறியும் கதை உண்மையை மறைத்து ஆவலை வளர்க்கிறது. துன்பக் காப்பியமோ உண்மையைக் காட்டி அச்சத்தை வளர்க்கிறது. இரண்டும் கலையே. எதனை எப்போது வாசகர்க்கு அறிவிப்பது என்பதே கதாசிரியரின் ஆளுமை.

தற்செயலாக நேரும் நிகழ்ச்சிகளைக் கதையில் அமைக்கலாமா என்னும் ஐயம் எழக்கூடும். வாழ்க்கையில் தற்செயல் உண்டு. ஆதலின் கதையிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால், அளவு வேண்டும். பெருநகரில் கோவலன் எதிரே அரசியின் சிலம்பைத் திருடியவனே வந்தது தற்செயலே. அது துன்பத்தைத் தொடங்கி வைத்ததனால் நாம் ஏற்றுக்கொள்கிறோம். மாறாக, கொலை நிகழும் நேரத்தில் எங்கிருந்தோ ஒருவர் ஓடிவந்து கோவலனைக் காப்பாற்றியிருந்தால், அதனை நாம் நம்பமாட்டோம். சிக்கலைத் தற்செயல் தொடங்கி வைக்கலாம். அதனைத் தீர்க்க வேண்டியவர் கதைமாந்தரே.

சிக்கல் முறுகி முறுகி, இனி மேலும் முறுக இயலாது என்னும் எல்லையை அடையும் இடம் உச்சநிலை எனப்படும். அரசியின் சிலம்பில் உள்ளவை முத்துக்கள் என்கிறான் பாண்டியன். தன் சிலம்பில் உள்ளவை மாணிக்கங்கள் என்கிறாள் கண்ணகி. சிலம்பு உடைகிறது, மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அந்த ஒரு நொடியில் உண்மை வெளிப்படுகிறது. அரசனின் வாழ்வும் தலைகீழாகிறது. அறியாமையிலிருந்து அறிவுக்கு வருதலும் வாழ்வு திடீரென மாறுதலும் ஒருசேர நிகழ்வதே சிறந்த கதையமைப்பு என்று அரிஸ்டாட்டில் கூறினார். அவர் நூலை அறியாமலே, நம் காப்பியம் அதற்குத் தக்க சான்றாக நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

கதையைக் கூறுபவர் யார் என்பதும் ஆராயத்தக்கது. ஆசிரியரே எல்லாம் அறிந்தவராய் நின்று கூறுவது ஒரு முறை. கதைமாந்தருள் ஒருவர் 'நான்' என்று கூறுவது மற்றொரு முறை. வ. வே. சு. ஐயர் (1881–1925) எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' என்னும் சிறுகதையில் ஓர் அரசமரமே கதை சொல்கிறது. ருக்மிணி என்னும் இளம்பெண்ணின் தந்தை செல்வத்தை இழக்கிறார். அதனால், அவளுடைய மாமியார் வீட்டார் தம் மகன் நாகராஜனுக்கு வேறு மணம் முடிக்க முனைகின்றனர். அதற்கு உடன்படுவதுபோல நடித்து, இறுதியில் பெற்றோருக்குப் பாடம் கற்பிக்க நினைக்கும் நாகராஜன், தன் எண்ணத்தை மனைவிக்கு மறைத்துவிடுகிறான். அதை உண்மையென்று நம்பிய அப்பெண் குளத்தில் மூழ்கி உயிர் துறக்கிறாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். இக்கதையை மனிதர் ஒருவர் கூறியிருந்தால், 'நீர் ஏன் தடுக்கவில்லை?' என்று நாம் அவரைக் கேட்டிருப்போம். மரமோ எல்லாவற்றையும் காணும். ஆனால், ஒன்றும் செய்ய இயலாது. படிக்கும் நாமும் அம்மரத்தைப் போன்றே கைகட்டி நிற்கிறோம். கூறுபவரைத் தேர்ந்தெடுத்த முறையினாலேயே கதையின் துயரம் மிகுகின்றது.

கதையின் அளவுக்கேற்பக் கதைக்கோப்பும் மாறுபடும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றி 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படுகிறது. கிளைக்கதைகள் பல அதில் இடையிடையே வந்து சேர்கின்றன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்', 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்தது. அடுத்த வாரம் வரையில் வாசகரைக் காத்திருக்கச் செய்ய வேண்டிய கட்டாயம் தொடர்கதைக்கு உண்டு. ஆதலின், அதன் அதிகாரங்கள் பலவும் ஒரு வினாவோடு முடிகின்றன. நாவல் பல வாய்க்கால்கள் கலந்து ஓடும் ஆறு போன்றது. சிறுகதையோ ஒரே கிணற்றின் ஊற்றுப் போன்றது. ஒரு நிகழ்ச்சி அல்லது ஓர் உணர்ச்சியை ஆழ்ந்து காட்டுவதோடு அது அமைந்துவிடும். சிறுகதையில் வீண்சொல்லுக்கு இடமில்லை.

இனி, முடிவைப் பற்றி ஒரு சொல். முடிவு இன்பமாகவும் இருக்கலாம், துன்பமாகவும் இருக்கலாம். படித்து முடித்ததும், 'இவ்வாறு முடியும் என்று எதிர்பார்க்கவில்லை' என்று ஒரு கணம் வியக்க வேண்டும். மறுகணமே, 'வேறு எவ்வாறும் முடிந்திருக்க இயலாது' என்று உணர வேண்டும். அடியார்க்கு நல்லார் இறுதி நிலைக்கு 'துய்த்தல்' என்னும் பெயரைத் தந்தது இங்கே நினைக்கத் தக்கது. களத்துக்கு வந்த நெல் அத்துடன் நின்றுவிடுவதில்லை, உண்பவர்க்கு உணவாகிறது. அதுபோலக் கதையும் ஏட்டில் முடிந்த பிறகு, படிப்பவர் உள்ளத்தில் உணர்வாகவும் அறிவாகவும் கலக்கிறது.

கதையால் நாம் பெறும் அறிவு யாது? அதற்கும் சிலம்பே விடை தருகிறது. பாண்டியன் கொடியவன் அல்லன். அன்று அவன் ஊடல் கொண்ட அரசியைத் தெளிவிக்கும் எண்ணத்தோடு விரைந்து சென்றுகொண்டிருந்தான். சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் வந்து சொன்னான். சிலம்பு காணாமற்போயிற்று, சிலம்போடு ஒருவன் வந்தான். இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று அரசன் முடிவு செய்துவிட்டான். அயலான் யார், சிலம்பு அவன் கைக்கு ஏன் வந்தது, அரசியின் சிலம்பில் இருந்த பரல் எது என்று அவன் ஒருமுறையும் வினவவில்லை. கொல்லச் சென்ற காவலருள் ஒருவனோ, கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என்று ஐயுற்றான். அந்த ஐயம் அரசனுக்கு எழுந்திருந்தால், ஓர் உயிர் தப்பியிருக்கும். ஒரு நகரம் எரியாது நின்றிருக்கும்.

நாமும் நாள்தோறும் எத்தனையோ செய்திகளைக் கேட்கிறோம். வகுப்பில் ஒருவனுடைய எழுதுகோல் காணாமற்போகிறது. ஏழை மாணவன் ஒருவன் கையில் அதுபோன்ற எழுதுகோல் காணப்படுகிறது. உடனே நாம் ஒரு கதையைக் கட்டிவிடுகிறோம். அது கதைக்கோப்பு ஆகாது. 'ஏன்' என்று கேளாமல் பின்னிய பொய். நல்ல கதைகளைக் கருத்தூன்றிப் படித்தவர், பிறர் செயலைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறமாட்டார். அச்செயலுக்குப் பின்னால் உள்ள உள்ளத்தையும் சூழ்நிலையையும் ஆராய்வார். ஆகவே, மாணவர்களே, அடுத்த முறை ஒரு கதையைப் படிக்கும்போது, 'பிறகு என்ன?' என்று விரைந்து ஏட்டைப் புரட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். படித்து முடித்தபின் சற்றே அமர்ந்து, 'ஏன் இவ்வாறு நிகழ்ந்தது?' என்று எண்ணிப் பாருங்கள். கதைச்சுவை அதனால் பெருகும். பிறரை நடுநிலையோடு நோக்கும் பண்பும் அதனோடு வளரும்.